ஒரு பழைய நுண்ணோக்கியும் ஒரு புது பிளேடும்

விளையாட்டுச் சாமான் கடைகளில் விற்கும் நுண்ணோக்கிப் பெட்டியின் மேல் '1200 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டி சில நாளில் பரணுக்குப் போய்விடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தால் கலங்கலாக ஒரு நிழல் மட்டும் தெரியும். தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் குற்றம் முழுவதும் அந்த 1200-இல் இருக்கிறது.

நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டுகிறதா, ஒன்றாகக் குழப்பிவிடுகிறதா என்பதுதான் நுண்ணோக்கியின் உண்மையான தகுதி. இதற்கான எல்லையை ஜெர்மனியின் யெனா நகரில் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்தார். பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கூம்பில் எவ்வளவு அகலத்தை லென்ஸ் உள்ளே வாங்குகிறதோ, அந்த அளவுக்கு நுணுக்கம் தெரியும். அந்த அகலத்தை என்.ஏ. என்ற எண்ணால் குறிப்பார்கள். கல்லூரி நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸில் '40/0.65' என்று செதுக்கியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது என்.ஏ. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 0.65 என்றால், பச்சை ஒளியில் சுமார் 0.4 மைக்ரான் இடைவெளியில் நிற்கும் புள்ளிகள் பிரிந்து தெரியும். என்.ஏ.வை ஆயிரத்தால் பெருக்கி வருவதுதான் உருப்பெருக்கத்துக்கு உச்ச வரம்பு. அதாவது இந்த லென்ஸுக்கு 650 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் கையால் தேய்த்த ஒற்றை லென்ஸை வைத்து 1670-களில் ஒரு செல் உயிரிகளைக் கண்டார். அவருடைய கருவிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் திறன் கூடியதே ஏறக்குறைய 270 மடங்குதான். மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவதை 1827-இல் கவனித்த ராபர்ட் பிரௌனும் ஒற்றை லென்ஸ் கருவியைத்தான் பயன்படுத்தினார். இந்த இருவருக்கும் நல்ல லென்ஸும், ஒளியை வசப்படுத்தும் பழக்கமும், மாதிரியைத் தயாரிக்கும் கையும் இருந்தன. கடைசி இரண்டையும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் பழகினால் யாருக்கும் வரும்.

அதனால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பளபளப்பான புதுப் பெட்டியை விட்டுவிட்டு, கல்லூரி ஆய்வகம் கழித்துப்போட்ட பழைய மாணவர் நுண்ணோக்கியைத் தேடுங்கள். நம் நாட்டு ஆய்வகக் கருவித் தொழிலின் தலைநகர் ஹரியானாவின் அம்பாலா. அங்கிருந்து வந்த எத்தனையோ இரும்பு உடம்புக் கருவிகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பீரோக்களில் தூசி படிந்து கிடக்கின்றன. 'ரிப்பேர்' என்று சீட்டு ஒட்டி ஒதுக்கியவற்றில் பெரும்பாலானவை உண்மையில் செத்தவை அல்ல. பழுது பார்க்க இன்னொரு வசதியும் உண்டு. பொருளருகு லென்ஸைத் திருகும் மரையின் அளவை லண்டன் நுண்ணோக்கிச் சங்கத்தார் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே அளவாக்கிவிட்டார்கள். 20.32 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த மரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கருவியின் லென்ஸ் போய்விட்டால் இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டலாம். லென்ஸின் மேல் '160/0.17' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 160 என்பது குழாயின் நீளம், மில்லிமீட்டரில். 0.17 என்பது மேலே மூடும் கவர்ஸ்லிப்பின் தடிமன். இந்த எண்களுக்குப் பதில் படுத்த எட்டுப் போன்ற முடிவிலிக் குறி இருந்தால், அது வேறு வகைக் கருவிக்கானது.

பழைய கருவியில் முதலில் கண்ணில் படும் குறை, திருகு இறுகிப்போயிருப்பது. கிரீஸ் ஆண்டுக்கணக்கில் காய்ந்து பிசின் போல ஆகிவிடும். அதை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் பித்தளைப் பல்சக்கரம் தேய்ந்துவிடும். பல் போனால் அந்தக் கருவியைக் காப்பாற்றுவது கடினம். பற்சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய கிரீஸை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிறகு உலர்த்தி, லித்தியம் கிரீஸை விரல் நுனியளவு மட்டும் தடவினால் போதும். மெஷின் எண்ணெய் விடக்கூடாது. அது வழிந்து லென்ஸுக்குப் போகும். எதிர்க்குறையும் உண்டு: குழாயோ மேடையோ தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பல மாணவர் நுண்ணோக்கிகளில் இரண்டு பக்கத்துக் குமிழ்களையும் கையில் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்கினாலே பிடிப்பு வந்துவிடும்.

இரண்டாவது குறை 40 மடங்கு லென்ஸில் இருக்கும், 'லென்ஸ் போய்விட்டது' என்று தூக்கிப்போட வைப்பதும் பெரும்பாலும் இதுதான். 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் வைத்துப் பார்க்கிற மாணவர், ஸ்லைடைத் துடைக்காமல் 40-க்குத் திருப்புவார். எண்ணெய் அதன் நுனியில் ஒட்டிக் காய்ந்துவிடும். அப்புறம் எதைப் பார்த்தாலும் பனிமூட்டம். கண்ணருகு லென்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே நல்ல பூதக்கண்ணாடி. அதை வைத்து 40-இன் நுனியைப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மஞ்சள் படலம் தெரியும். பல்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாகத் தொட்டு, நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சுக்கு மாறுங்கள். ஆல்கஹால் சொட்டும்படி நனைக்கக் கூடாது, லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசைக்குள் இறங்கிவிடும். பொருளருகு லென்ஸை முழுதாகப் பிரித்துப் போடவும் வேண்டாம். உள்ளிருக்கும் இடைவெளிகள் தொழிற்சாலையில் சரிபார்த்து வைத்தவை. கண்ணுக்குத் தெரியும் தூசி எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் கண்ணருகு லென்ஸைச் சுழற்றிப் பாருங்கள். கூடவே புள்ளியும் சுழன்றால் தூசி அங்கேதான்.

நம் ஊர் ஈரக் காற்றில் இன்னொரு எதிரி உண்டு, பூஞ்சை. கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், துணி விரித்த மரப்பெட்டிக்குள் பூட்டிய லென்ஸில் சிலந்தி வலை போல அது படரும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்ட பஞ்சில் துடைத்து எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. கருவியை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை வறுத்துத் திரும்பப் போடுங்கள். பள்ளி ஆய்வகங்களில் கருவி கெடாமல் இருக்கட்டும் என்றுதான் பூட்டி வைக்கிறார்கள். அந்தப் பூட்டுதான் பூஞ்சையை வளர்க்கிறது.

இனி ஒளி. மேடைக்கு அடியில் இருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கிட்டத்தட்ட ஸ்லைடைத் தொடும் உயரத்துக்கு ஏற்றுங்கள். கண்ணாடி வைத்த கருவி என்றால், கண்டென்சர் இருக்கும்போது தட்டைப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். நேர் வெயிலைக் கண்ணாடியில் ஒருபோதும் பிடிக்காதீர்கள், கண் போய்விடும். பல்பை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு சின்ன வெள்ளை எல்.இ.டி. போதும், சூடும் குறைவு. அடுத்து உதரவிதானம் எனும் ஐரிஸ். மாதிரி தெளிவாகத் தெரிந்ததும் கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். அடியில் வட்டமாக ஓர் ஒளித்தட்டு தெரியும். ஐரிஸை மூட மூட அது சுருங்கும். வட்டத்தின் முக்கால் பங்கு ஒளிர்கிற இடத்தில் நிறுத்திவிட்டு லென்ஸைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அரைகுறை வெளிச்சத்தில் பார்த்துப் பழகியவர்கள் இதை முதல்முறை செய்யும்போது, கருவியே மாறிவிட்டதோ என்று கேட்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், மாதிரி தடிமனாக இருந்தால் ஒன்றும் தெரியாது. செடிகளில் செக்‌ஷன் எடுப்பதற்கு மைக்ரோடோம் எனும் சீவும் கருவி வேண்டும் என்று பலர் நினைத்துப் பின்வாங்குகிறார்கள். ஒரு புது சவர பிளேடு போதும். பழைய பிளேடுதான் முக்கால்வாசித் தோல்விக்குக் காரணம். துளசியின் இளந்தண்டில் தொடங்குங்கள், மிருதுவாகவும் பிடிக்க வசதியாகவும் இருக்கும். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையில் நிமிர்த்திப் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் பரப்பையும் பிளேடையும் தண்ணீரில் நனைத்து, பிளேடைச் சாய்த்து, ஒரே இழுப்பில் உங்களை நோக்கி இழுங்கள். அழுத்தினால் செல்கள் நசுங்கும், இழுத்தால்தான் வெட்டும். நிறைய சீவி, எல்லாவற்றையும் தூரிகையால் ஒரு கிண்ணத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். வட்டம் முழுதாக வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒரு ஓரம் கண்ணாடி போல மெலிந்த பாதித் துண்டு, தடித்த முழு வட்டத்தைவிட எவ்வளவோ மேல். இலையைப் போன்ற தட்டையான பொருளைக் கேரட் துண்டைப் பிளந்து அதற்குள் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவலாம்.

சாயங்களில் எனக்குப் பிடித்தது டொலூயிடின் நீலம் ஓ. சஃப்ரானினும் நல்லதுதான், லிக்னின் ஏறிய சுவர்களைச் சிவப்பாக்கும். ஆனால் டொலூயிடின் ஒரே சொட்டில் பல நிறம் காட்டும். எந்த வேதிப்பொருளோடு ஒட்டுகிறதோ அதற்கேற்ப நிறம் மாறும். லிக்னின் உள்ள சைலக் குழாய்கள் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் நிறைந்த மெல்லிய சுவர்கள் கத்தரிப்பூ நிறமாகவும் தெரியும். தாவரச் செல் சுவர்களை இப்படிப் பிரித்துக் காட்டும் முறையை ஓப்ரையன், ஃபெடர், மெக்கல்லி மூவரும் 1964-இல் வெளியிட்டார்கள். 0.05 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசினால் போதும். துளசித் தண்டு ஏன் சதுரமாக இருக்கிறது என்பதை அப்போது பார்க்கலாம். நான்கு மூலைகளிலும் கோலன்கைமா செல்கள் கூட்டமாக நின்று, மூலைகளில் தடித்த சுவர்களோடு கத்தரிப்பூ நிறத்தில் மின்னும். வளரும் தண்டு வளையவும் வேண்டும், ஒடியவும் கூடாது. அந்த வேலையைச் செய்பவை இவைதான்.

அடுத்து அரளி இலை. அதன் பால் நஞ்சு, வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குறுக்காகச் சீவிய துண்டில் மேல்பக்கம் தடித்த க்யூட்டிக்கிள் பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்குப் புறத்தோல். சாதாரண இலையில் ஓர் அடுக்குதான் இருக்கும். கீழ்ப்பக்கத்துக்கு வந்தால் இலை ஆங்காங்கே குகை போல உள்ளே குழிந்திருக்கும். குகைச் சுவரெங்கும் மெல்லிய முடிகள். இலைத்துளைகள் வெளிப்பரப்பில் இல்லாமல் அந்த முடிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். குழிக்குள் காற்று அசையாமல் ஈரத்தோடு தங்குவதால் நீராவி வெளியேறுவது மட்டுப்படும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்துக்கொண்டு நிற்பதற்கான ஏற்பாட்டில் ஒரு பகுதி இங்கே கண்ணுக்கெதிரே இருக்கிறது. பாடப்புத்தகப் படத்தில் இதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தானே சீவிப் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான் என் ஆதங்கம்.

நல்ல செக்‌ஷன் கிடைத்தால் தண்ணீருக்குப் பதில் ஒரு சொட்டுக் கிளிசரினில் வைத்து, கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரங்களையும் நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள், பல மாதங்கள் தாங்கும். செடியின் பெயர், எந்தப் பகுதி, சாயம், தேதி, இடம் எல்லாவற்றையும் ஸ்லைடிலேயே ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, சமையலறை வினிகரை வைத்து ஒரு சோதனை. இந்திய ரப்பர் மர இலையைச் சீவினால் புறத்தோலின் சில பெருத்த செல்களுக்குள், காம்பில் தொங்கும் திராட்சைக் குலை போல ஒரு படிகக்கட்டி இருக்கும். அதற்குச் சிஸ்டோலித் என்று பெயர், அது கால்சியம் கார்பனேட். சேம்பின் இலைக்காம்பைச் சீவினால் கட்டுக்கட்டாக ஊசிகள் தெரியும், சில செல்லிலிருந்து தெறித்து வெளியேயும் கிடக்கும். அவை ராஃபைடுகள், கால்சியம் ஆக்சலேட். சேம்பு நாக்கையும் தொண்டையையும் அரிக்கச் செய்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டு ஸ்லைடுகளிலும் கவர்ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகரை விட்டு, எதிர் ஓரத்தில் மையொற்றுத்தாளை வைத்து இழுங்கள். ரப்பர் இலையில் குமிழிகள் கிளம்பி, குலை கரைந்து, காம்பும் அதன் வெறும் கூடும் மிஞ்சும். சேம்பின் ஊசிகளுக்கு ஒன்றும் ஆகாது. அவற்றைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலுவான அமிலம் வேண்டும். அதை வீட்டில், அதுவும் கருவிக்கு அருகில், திறக்காதீர்கள். அதன் ஆவி பித்தளையையும் லென்ஸ் பூச்சையும் கெடுக்கும். வினிகர் பட்ட ஸ்லைடைக்கூட 10 மடங்கு லென்ஸிலேயே பார்த்துவிட்டு, மேடையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது.