வத்தல் களத்தில்தான் இருக்கிறது ஏற்றுமதி

விருதுநகர் சந்தை நிலவரம் என்று நாளிதழ்களில் வரும் எண்ணெய், பருப்பு, மிளகாய் வத்தல் விலையைப் பார்த்துத்தான் தென்மாவட்டங்களில் பல கடைகள் சரக்கெடுக்கின்றன. அந்தச் சந்தையின் வத்தலுக்குக் கடல் தாண்டியும் கிராக்கி உண்டு. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் விற்பனையில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தோனேசியாவுக்கு. அந்த நூடுல்ஸ் பாக்கெட்டுக்குள் இருக்கும் மசாலாப் பொட்டலத்துக்கு மிளகாய் வேண்டும். இந்தியாவின் மசாலா ஏற்றுமதியிலும் மிளகாய்க்கே முதலிடம். தூத்துக்குடித் துறைமுகமும் பக்கத்தில்தான். வாங்க ஆளும் அனுப்ப வழியும் இருக்க, முட்டுக்கட்டை மிளகாய் காயும் களத்தில் கிடக்கிறது.

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைக்கத் துணைநின்ற வறண்ட வெயில்தான் வத்தலையும் காயவைக்கிறது. ஆனால் தை, மாசியில் பறித்த பழத்தை வெறும் மண்ணில் பரப்பி, இரவில் மூடாமல் விட்டால் பனி இறங்கும். ஈரம் பத்து, பதினொரு சதவீதத்துக்குக் குறையாமல் மூடை பிடித்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய நஞ்சு இது. அரைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் கிலோ வத்தலில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. ஒருவர் சரக்கில் தவறு கண்டாலும் பழி எல்லார் மேலும் விழும்: 2003-இல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் என்ற, உணவில் சேர்க்கக்கூடாத சாயம் சிக்கியபோது நடந்தது அதுதான்.

புவிசார் குறியீடு போதாதா என்று கேட்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் அதைப் பெற்றது. அது சரக்கின் பிறப்பிடத்தைச் சொல்லும், ஆய்வகத்தில் தேறவைக்காது. உள்ளூரிலேயே விற்றுத் தீர்கிறதே, வீண்செலவு எதற்கு என்பது விவசாயியின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. தார்ப்பாய் விரித்துக் காயவைத்தவரின் மூடையும் மண்ணில் காயவைத்தவரின் மூடையும் நிறமும் நீளமும் ஒன்றுபோல் இருந்தால் மண்டியில் ஒரே விலைக்குப் போகின்றன. பிறகு எவர் மெனக்கெடுவார்?

அதனால், விவசாயிக்கு அறிவுரை சொல்வதைவிட விலையை மாற்றுவதே வழி. ஏலத்துக்கு முன் ஈரமானியில் அளந்து, காய்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை தரட்டும் கமிஷன் கடைகள். நஞ்சுச் சோதனைச் செலவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் லாட் கணக்கில் பகிர்ந்துகொள்ளலாம். வத்தலைக் கையில் உடைத்துப் பார்த்தே தரம் சொல்லும் வியாபாரிகள், கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கும் காசு கொடுக்கத் தொடங்கினால் களம் தானாகச் சுத்தமாகும்.