எந்த டயர் வாங்குவது?

குர்கானில் வாழும் என் அத்தான் சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று விடுதிக்கு வந்து என்னை டயர்க் கடைக்கு அழைத்துச் சென்றார். அவருடைய எஸ்.யூ.வி. வண்டியின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று ‘ஆல் டெரெய்ன்’. கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு, பார்ப்பதற்கே வீரமாக இருந்தது. மற்றொன்று நாட்டியம் ஆடாத நல்ல பிள்ளையைப் போன்ற சாலை டயர். அமெரிக்கர் இதனை ‘ஆல் சீசன்’ என்பர். நம் கடைகளில் ‘எச்.டி.’ என்றால்தான் தெரியும்.

“தம்பி, நீதான் ரப்பரைப் பற்றிப் படிக்கிறாயே, எது நல்லது, சொல்” என்றார் அத்தான். அவர் கை வீரப் பிள்ளையின் மீதே இருந்தது. அதே வண்டியில்தான் அக்காள் நாள்தோறும் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாள். ஆகவே விளையாட்டாக விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அன்று கடையில் அரைகுறையாகச் சொன்னதை ஈண்டு முறையாக எழுதுகின்றேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள வண்டி. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயரில் காற்று 33 பவுண்டு. எடையை அழுத்தத்தால் வகுத்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 215 சதுர சென்டிமீட்டர். நாம் தேர்வு எழுதும் ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு! அக்காளும் குழந்தையும் நம்பியிருப்பது இந்த நான்கு துண்டுகளைத்தான். ஆல் டெரெய்ன் டயரில் கட்டைகளுக்கு இடையே அகன்ற சால்கள் ஓடுவதால், அந்தத் துண்டிலும் உண்மையில் சாலையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது.

“சால் ஆழமாக இருந்தால் மழைநீர் நன்றாக வெளியேறுமே?” என்று கேட்கலாம். வெளியேறும், அதில் ஐயமில்லை. ஆயின் நனைந்த சாலையில் வண்டியை நிறுத்துவது சால் மட்டுமன்று, ரப்பரின் குணமும் ஆகும். இங்கேதான் நம் பாடம் வருகிறது.

இயற்கை ரப்பர் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரியில்தான் கண்ணாடி போல் இறுகும். அப்படியிருக்க, 7 டிகிரிக்குக் கீழே கோடை டயர்கள் பிடிப்பை இழக்கத் தொடங்குகின்றன என்கிறார்களே, இது எங்ஙனம்? டயரில் இருப்பது வெறும் இயற்கை ரப்பர் அன்று. செயற்கை ரப்பரும் கரித்தூளும் சிலிக்காவும் சேர்ந்த கலவை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவையானது. தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்கள், ஓடும் டயரின் ரப்பரை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அமுக்கி விடுகின்றன. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் மெதுவாக இழுத்தால் இணங்கும். அவசரப்படுத்தினால் வண்டிமாட்டைப் போல முரண்டு பிடிக்கும். ஆகவே வேகத்தில் செல்லும் ரப்பர், தான் இருப்பதைவிடப் பன்மடங்கு குளிர்ந்த இடத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. குளிர் சிறிது கூடினாலும் விறைத்துவிடும். ஆல் சீசன் கலவை இவ்விறைப்பைச் சற்றுத் தள்ளிப்போடுகிறது. டில்லியின் 45 டிகிரி வெயிலிலும் குழைந்து தேயாமல் இருக்கப் பார்க்கிறது. அதன் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய உண்டு. நனைந்த சாலையில் நீர்ப்படலத்தைக் கிழித்துப் பிடிப்பவை அவையே. ஆல் டெரெய்ன் கலவையோ கூர்ங்கல் கிழிக்காதிருக்க வேண்டிச் செய்தது. ஈரத் தார்ச்சாலையில் பிரேக் போட்டால் அது பெரும்பாலும் சற்றுத் தள்ளியே நிற்கும். எடை கூடுதல், இரைச்சல் கூடுதல், எண்ணெய்ச் செலவும் கூடுதல்.

மழையைப் பற்றி இன்னொன்று. தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு எழும்பி மிதக்கும் வேகத்திற்கு, 1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைச் சோதித்து ஒரு வாய்பாடு தந்தனர். சால்கள் வடிக்க முடியாத அளவு நீர் தேங்கியிருக்கும்போது, அவ்வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். 33 பவுண்டு காற்றுக்கு ஏறத்தாழ மணிக்கு 96 கிலோமீட்டர். காற்று 24-க்கு இறங்கிவிட்டால் 82. விலையுயர்ந்த டயரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காதவரை என்னென்பது! (அத்தான் இதைப் படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகின்றேன்.)

இனி, பனிக்கு வருவோம். அத்தான் ஆல் டெரெய்னை விரும்பியதற்குக் காரணமே மணாலிதான்.

நம் தமிழில் ஒரு தொல்லை உண்டு. மார்கழிப் புல்லில் துளிர்ப்பதும் பனி, இமயத்தில் பஞ்சுபோல் விழுவதும் பனி, சாலையில் உறைந்து கிடப்பதும் பனிதான். டயருக்கோ இவை மூன்றும் மூன்று வேறு பகைவர். டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்களும் நடுவே ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தால், பஞ்சுப் பனியில் அதனைச் சோதித்துத் தேர்ச்சி தந்துள்ளனர் என்று பொருள். ‘எம் + எஸ்’ என்று மட்டும் இருந்தால் அது சால் அமைப்பைக் குறிப்பதே; தேர்வு எதுவும் எழுதியதில்லை. உறைந்த கண்ணாடிப் பனிக்கட்டிக்கு இவ்விரு குறிகளும் உறுதி கூறவில்லை.

இதனை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. சென்ற தை மாதம் நாங்கள் ஐவர் ஒரு நண்பரின் வண்டியில் மணாலிக்குச் சென்றோம். புத்தம்புது ஆல் டெரெய்ன் டயர். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. சோலங்கிற்கு மேலே, அடல் சுரங்கம் செல்லும் சாலையில் ஒரு வளைவு. பகலில் உருகிய நீர் மாலையில் கறுப்புக் கண்ணாடியாக உறைந்திருந்தது. ஏறும்போது தொல்லையில்லை. இறங்கும்போது நண்பர் பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்கவேயில்லை. ஆளொன்றும் பேசாமல் பத்து மீட்டர் வழுக்கிச் சென்று, ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. மேடு இருந்தது எங்கள் நல்லூழ். அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரப் பிரேக்தான். நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்கையில், சங்கிலி பூட்டிய சிறிய கார் ஒன்று எங்களைக் கடந்து அமைதியாக இறங்கிச் சென்றது. ஓட்டியவர் எங்கள் டயரைப் பார்த்துச் சிரித்தாரா, எங்களைப் பார்த்தா என்று தெரியவில்லை.

அப்படியானால் ஆல் டெரெய்ன் யாருக்கு? நம் நிலவியல் துறை நண்பர்கள் கற்பாறை ஏறும் வண்டிக்கு அதுதான் வேண்டும். ஸ்பிதியில் காசா செல்லும் கரடுமுரடான கல்பாதையில் மெல்லிய பக்கச்சுவர் கிழிந்தால், பஞ்சர்க் கடை பல மணித் தொலைவில். ஜெய்சால்மர் மணலிலும் நன்று. ஆங்கும் காற்றைப் பாதியாகக் குறைத்துத் தரை தொடும் பரப்பை இரட்டிப்பாக்குவதே பாதி வித்தை. (தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்ப மறக்கலாகாது.) ஆண்டில் முப்பது நாற்பது நாள் இத்தகைய வழியில் செல்பவர் தயங்காமல் அதை வாங்கலாம். அத்தான் செல்வதோ அலுவலகம், பள்ளி, சந்தை, ஆக்ராவுக்குச் செல்லும் சிமெண்டுச் சாலை. ஆண்டுக்கு ஒருமுறை மலை.

ஏதாயினும், வாங்குமுன் பக்கச்சுவரில் நான்கு எண்களைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ‘புதியது’ என்று விற்பதில் பழையதும் கலந்திருக்கும். பழைய டயரில், சாலின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு திட்டு உண்டு. தேய்ந்து தேய்ந்து அத்திட்டும் கட்டையும் சமமானால் மாற்றிவிட வேண்டும்.

அத்தான் அரை மனத்தோடு சாலை டயரையே வாங்கினார். கூடவே பனிச்சங்கிலி ஒரு சோடி. போன ஞாயிறு வீட்டு வாசலிலேயே அதைப் பூட்டிப் பார்த்தோம். வெயிலில், கையுறை இல்லாமல், சமதரையில் நாற்பது நிமிடம் ஆயிற்று. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்.