வலிப்பு நின்றால் போதுமா?

வலிப்பு நோய்க்காகப் பரிசோதனைக்குச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “போன முறைக்குப் பிறகு எத்தனை தடவை வந்தது?” என்பதுதான். வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். “மனம் எப்படி இருக்கிறது?” என்று கேட்பவர்கள் குறைவு.

உலகில் ஏறக்குறைய 50 மில்லியன் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால், மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம். நோய் வந்துவிட்டதே என்ற கவலை மட்டும் அதற்குக் காரணமன்று. பலருக்கு வலிப்பு தொடங்குவது, காதுக்கு மேலே பக்கவாட்டில் அமைந்த மூளைப் பகுதியில். அச்சத்தையும் நினைவையும் கையாளும் உறுப்புகளும் அங்கேயே உள்ளன. அதனால் சிலருக்கு வலிப்பு, கைகால் இழுப்பாக இல்லாமல் காரணமற்ற திடீர்ப் பயமாக வந்து சில வினாடிகளில் மறைந்துவிடும்.

மருந்துக்கும் இதில் பங்குண்டு. பரவலாகக் கொடுக்கப்படும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தூண்டும். என்னுடன் படிக்கும் தோழி ஒருத்தி அதை உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். வலிப்பு நின்றுவிட்டதால் யாரும் மருந்தைச் சந்தேகிக்கவில்லை. “குணமே மாறிப்போச்சு” என்றார் அவள் அம்மா. மருத்துவர் படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றிய பிறகுதான் அவள் பழையபடி ஆனாள். (மருந்தை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நீண்ட நேரம் நிற்காத வலிப்பு வரக்கூடும்.)

இதையெல்லாம் வெளியில் சொல்லத் தயங்குவதற்கு மொழியும் ஒரு காரணம் என நினைக்கிறேன். மலாய்ப் பேச்சுவழக்கில் இந்நோய்க்குக் ‘கிலா பாபி’ என்ற பெயருண்டு. ‘கிலா’ என்றால் பைத்தியம். ஏற்கெனவே அப்படிப் பெயர் வாங்கியவர், மனம் சரியில்லை என்று எப்படி வாய் திறப்பார்? நம் வீடுகளிலோ கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்கு!

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால் வலிப்பு கூடிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. இன்று அதிகம் பயன்படும் மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவற்றை மருத்துவர் கண்காணிப்பில் வலிப்பு நோயாளிகளும் உட்கொள்ளலாம்.

வலிப்பு நோயாளிகளின் மனச்சோர்வைக் கண்டறியவே ஒரு கேள்வித்தாள் 2006ல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஆறே கேள்விகள். மருந்தகத்தில் நம் எண் அழைக்கப்படுவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.