போர்டு கேமுக்கு முன்பணம் கட்டலாமா?

ஃப்ரெண்ட்ஸ், உங்க ஆபீஸ்ல போர்டு கேம் ஆடுற கூட்டம் இருக்கா? அப்போ "கிக்ஸ்டார்ட்டர்ல புது கேம் வருது, இப்பவே பணம் போடு"ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க.

2020-ல் ஃப்ராஸ்ட்ஹேவன் என்ற ஒரே கேமுக்கு அங்கே சேர்ந்தது சுமார் 1.3 கோடி டாலர். அதுவும் கேம் அச்சாகும் முன்பே! ஆடுறவங்க தரும் முன்பணத்தில்தான் பல பெரிய கேம்கள் இப்போ தயாராகுது. இனி இது இன்னும் கூடும் என்பது என் கணிப்பு.

ஆனா இது ஷாப்பிங் இல்லை. கிக்ஸ்டார்ட்டரே "நாங்க கடை இல்லை"ன்னு சொல்லுது. கேம் தாமதமாகலாம், வராமலே போகலாம். செலவும் ஏறலாம். பெரும்பாலான போர்டு கேம்கள் தயாராவது சீனாவில். 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மேல் அமெரிக்கா போட்ட வரி 145 சதவீதம் வரை போச்சு. பழைய கணக்கில் முன்பணம் வாங்கின கம்பெனிகள் திண்டாடிப் போச்சு. மே மாதம் வரி குறைஞ்சது, ஆனா பழைய நிலைக்கு வரலை.

அதனால மூணு விதி:

1. பொழுதுபோக்குக்கு ஒதுக்கின பணத்தை மட்டும் போடுங்க. எமர்ஜென்சி ஃபண்ட், எஸ்ஐபி மேல கை வைக்காதீங்க.

2. ஷிப்பிங், சுங்க வரி எல்லாம் சேர்த்து விலை பாருங்க.

3. "பின்னாடி நல்ல விலைக்கு வித்துடலாம்" என்ற கணக்கு வேண்டாம். மறுபதிப்பு வந்தா பழசோட விலை இறங்கிடும்.

நாலு பேர் சேர்ந்து வாங்குங்க. செலவும் நாலா பிரியும், ஆடவும் ஆள் கிடைக்கும்!