வெப் தொலைநோக்கி: பில் எகிறிய கதை

2018ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச். நார்த்ரப் கிரம்மன் நிறுவனத்தின் கூடத்தில் ஓர் இரைச்சல் சோதனை நடந்தது. ராக்கெட் கிளம்பும்போது எழும் பேரொலியை ஒலிபெருக்கிகளால் உண்டாக்கி, விண்கலம் அதைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை. முடிந்ததும் போய்ப் பார்த்தால், வெயில்மறைப்பின் உறையைப் பிடித்திருந்த திருகுகளும் வாஷர்களும் சில இடங்களில் கழன்று விழுந்திருந்தன. விழுந்ததை எல்லாம் தேடிப் பொறுக்க வேண்டும், ஏன் கழன்றது என்று கண்டுபிடிக்க வேண்டும், மறுபடி மாட்டிச் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் வெப் திட்டத்தின் ஒரு நாள் தாமதத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 10 லட்சம் டாலர்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்களைப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி, பிரபஞ்சம் விரிய விரியத் தானும் நீண்டு, நம்மிடம் வந்து சேரும்போது அகச்சிவப்பாகிவிடுகிறது. ஆனால் வெப்பமுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்பை உமிழும். தொலைநோக்கியே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் தன் ஒளியில் தனக்கே கண் கூசிவிடும். ஆகவே அதன் கண்ணாடி மைனஸ் 220 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருந்தாக வேண்டும். மற்றத் தொழில்நுட்பத் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவைதான்.

பூமியை ஒட்டிச் சுற்றினால் அந்தக் குளிர் கிடைக்காது. அதனால் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனும் பூமியும் நிலாவும் எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்றுக்கும் சேர்த்து ஒரே மறைப்பைப் பிடித்தால் போதும். அந்த மறைப்பு ஐந்து அடுக்குப் பாலிமர் படலம். விரித்தால் ஏறத்தாழ 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், மற்றவை அதில் பாதி. ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி தப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தபோது, 1993இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்து வந்தார்கள். வெப் இருக்கும் இடம் நிலாவைப்போல் நான்கு மடங்கு தூரம். அங்கே போய் ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது.

கண்ணாடியின் அகலம் 6.5 மீட்டர். அதைச் சுமந்த ஏரியான் 5 ராக்கெட்டின் முகப்புக் கூட்டுக்கோ வெளிவிட்டமே 5.4 மீட்டர்தான். எனவே 18 அறுகோணத் துண்டுகளாகச் செய்து, மடித்து வைத்து, விண்வெளியில் விரித்தார்கள். துண்டுகள் பெரிலியம் என்ற லேசான உலோகத்தால் ஆனவை. இவற்றைத் தேய்த்த விதம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. அறை வெப்பத்தில் பிசகில்லாமல் தேய்த்த துண்டு, கடுங்குளிரில் லேசாக உருவம் மாறிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் குளிரூட்டி, எங்கே எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். பிறகு தேய்க்கும் இடமான கலிஃபோர்னியாவுக்குத் திரும்பக் கொண்டுபோய், அந்த வளைவுக்கு ஈடாக, வேண்டுமென்றே அத்தனை நுட்பமாகத் தப்பாகத் தேய்த்தார்கள். அந்தத் தப்பு குளிரில் சரியாகிவிடும். மிஞ்சிய பிசகு 20 நானோமீட்டர் அளவில்தான். தலைமுடித் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே பூசிய தங்கம் மொத்தமே 48 கிராம், அதாவது ஆறு பவுன். பில் எகிறியதற்குத் தங்கம் காரணமில்லை.

கண்ணாடி, மறைப்பு, குளிரூட்டி என்று அதுவரை யாரும் செய்து பார்த்திராத தொழில்நுட்பங்கள் இதில் பத்து. இவ்வளவு புதுமை இருந்தால் செலவு கூடத்தானே செய்யும் என்று தோன்றும். நாசாவும் பல நேரம் அப்படித்தான் பேசியது. ஆனால் அந்தப் பத்தும் 2007இன் முதல் சில மாதங்களுக்குள் முன்மாதிரிச் சோதனைகளில் தேறிவிட்டன. தொலைநோக்கி விண்ணுக்குப் போனது 2021 டிசம்பர் 25 அன்று. நடுவில் 14 ஆண்டுகள் எங்கே போயின?

கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். 1990களின் நடுவில் வானியலாளர்களின் குழு ஒன்று நான்கு மீட்டர் கண்ணாடி கேட்டது. அப்போது நாசாவின் தலைவர் டேனியல் கோல்டின். விரைவாக, சிறப்பாக, மலிவாக என்பது அவருடைய காலத்துக் கோஷம். ஏன் இத்தனை அடக்கமாகக் கேட்கிறீர்கள், பெரிதாகக் கேளுங்கள் என்றார். கண்ணாடி காகிதத்தில் எட்டு மீட்டர்வரை வளர்ந்தது. செலவு மட்டும் வளரவில்லை: 50 கோடி டாலரிலிருந்து 100 கோடிக்குள் முடியும், 2007இல் ஏவலாம் என்றார்கள். 2.4 மீட்டர் ஹப்பிளுக்கே அதைவிட அதிகம் செலவாகியிருந்தது. இது தெரியாமல் சொல்லப்பட்ட தொகை என்று என்னால் நம்ப முடியவில்லை. திட்டம் பிறக்க எந்தத் தொகை அனுமதிக்குமோ அதைச் சொன்னார்கள். 1996இல் ஒருவர் எழுந்து ஆயிரம் கோடி டாலர் என்றிருந்தால் வெப் பிறந்தே இருக்காது.

2005இல் மறுகணக்குப் போட்டபோது மொத்தச் செலவு 450 கோடி டாலர், ஏவும் ஆண்டு 2013 என்றானது. கண்ணாடி அதற்குள் 6.5 மீட்டராகக் குறைக்கப்பட்டிருந்தும் இப்படி. ஐரோப்பிய ராக்கெட்டில் அனுப்பலாமா என்று அமெரிக்க அரசு முடிவெடுக்க எடுத்துக்கொண்ட காலமும் இந்தக் கணக்கில் ஏறியது. 2010இல் செனட்டர் பார்பரா மிகல்ஸ்கி கேட்டுக்கொண்டதால், ஜான் கசானி தலைமையில் தனிக்குழு ஆராய்ந்தது. குறைந்தது 650 கோடி டாலராகும், 2015க்கு முன் ஏவ வழியே இல்லை என்றது அறிக்கை. அதைவிட முக்கியமாக, தொழில்நுட்ப வேலை நன்றாகவே நடக்கிறது, பட்ஜெட் போட்ட விதமும் நிர்வாகமும்தான் கோளாறு என்று வெளிப்படையாகச் சொன்னது.

அந்தக் கோளாறு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்தப் பெரிய திட்டத்திலும் எதிர்பாராத சிக்கலுக்கென்று கையிருப்பு ஒதுக்குவார்கள். வெப்புக்கு ஆரம்ப ஆண்டுகளில் அந்தக் கையிருப்பு மிகக் குறைவு. ஒரு பாகத்தில் சிக்கல் வந்தால் அதைத் தீர்க்க, அந்த ஆண்டு செய்ய வேண்டிய இன்னொரு வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள். தள்ளிய வேலைக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள். கொத்தனார் வராத நாளிலும் சித்தாள்களுக்குக் கூலி உண்டு என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். இங்கே காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும். அவர்களை அனுப்பிவிட்டுப் பிறகு கூப்பிடவும் முடியாது; அந்த வேலை தெரிந்தவர்கள் உலகத்திலேயே அவர்கள்தான். ஆக, ஓர் ஆண்டில் மிச்சம் பிடித்த தொகை அடுத்த ஆண்டுகளில் பல மடங்காகச் செலவானது.

2011 ஜூலையில், அதுவரை 300 கோடி டாலர் செலவான நிலையில், திட்டத்தையே ரத்து செய்யலாம் என்று பிரதிநிதிகள் சபையின் நிதிக்குழு ஒன்று முன்மொழிந்தது. அதைக் காப்பாற்ற முன்நின்றவர் யார்? தனிக்குழு அமைக்கக் கேட்ட அதே மிகல்ஸ்கி. வெப்பை நிர்வகித்த நாசாவின் கோடார்ட் மையமும், அதை இயக்கவிருந்த பால்டிமோர் நிறுவனமும் அவருடைய மேரிலாந்து மாநிலத்தில் இருந்தன. கட்டுமானத்துக்கு 800 கோடி டாலர் உச்சவரம்பு, ஏவுதல் 2018 என்று சமரசம் ஆனது. இந்த முறை கையிருப்பும் ஒழுங்காக ஒதுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் வேலை பெரும்பாலும் சொன்னபடியே நடந்தது. 2017இல் ஹூஸ்டனில் அப்போலோ காலத்துப் பெரும் வெற்றிட அறைக்குள் கண்ணாடிகளைக் குளிரூட்டிச் சோதித்தபோது ஹார்வி புயல் ஊரையே மூழ்கடித்தது. சாலைகள் வெள்ளத்தில் இருக்க, ஊழியர்கள் உள்ளேயே தங்கிச் சோதனையை முடித்தார்கள்.

புயலைத் தாண்டிய திட்டத்தைச் சின்னக் கவனக்குறைவுகள் மடக்கின. உந்துவிசை அமைப்பின் வால்வுகளைச் சுத்தம் செய்ய ஒரு கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அது வால்வுக்கு ஆகுமா என்று தயாரித்தவரிடம் கேட்கவில்லை. இன்னோரிடத்தில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்து உணரிகளைக் கெடுத்தார்கள். மறைப்புப் படலத்தை விரித்துப் பழகும்போது கிழிசல்கள் விழுந்தன. அதற்குமேல்தான் அந்தத் திருகுகள். டாம் யங் தலைமையிலான ஆய்வுக்குழு 2018இல் கூட்டிப் பார்த்தது: மனிதத் தவறுகளால் மட்டும் ஏறக்குறைய 60 கோடி டாலரும் ஒன்றரை ஆண்டும் போயிருந்தன. ஒருகாலத்தில் முழுத் தொலைநோக்கிக்கும் இந்தத் தொகைதான் சொன்னார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு 966 கோடி டாலரானது. இந்திய மதிப்பில் 70,000 கோடி ரூபாய்க்கு மேல். ஏவுதல் 2021க்குப் போனது.

2018இல் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற கிரெகரி ராபின்சன், தவறு நடந்தால் மறைக்காமல் உடனே சொல்லும்படி ஊழியர்களைப் பழக்கினார். குறித்த காலத்தில் வேலை முடியும் விகிதம் 55 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது. கொரோனாவால் மேலும் சில மாதம் போனது. கடைசியில் ஏவியபோது, 344 இடங்களில் எந்த ஒன்று சொதப்பினாலும் திட்டம் வீணாகும் என்ற நிலை. ஒன்றும் சொதப்பவில்லை. ஏரியான் ராக்கெட் குறி தப்பாமல் கொண்டுபோய் விட்டதால், பத்தாண்டு என்று திட்டமிட்ட எரிபொருள் இருபதாண்டுக்கும் மேல் வரும் என்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட்டால் ஆண்டுச் செலவு பாதியாகிறது. ஆனால் அந்தப் பணத்துக்காக வரிசையில் நின்ற மற்றத் தொலைநோக்கிகளின் ஆண்டுகள் திரும்ப வராது. "வானியலைத் தின்ற தொலைநோக்கி" என்று நேச்சர் இதழ் 2010இலேயே தலைப்பிட்டது அதனால்தான்.

நாசாவின் பட்ஜெட் கணக்குக்கு அடுத்த சோதனை செவ்வாயில் வந்தது. அங்கிருந்து பாறை மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர்வரை ஆகலாம் என்று 2023இல் தனிக்குழு ஒன்று கணக்குச் சொன்னது. 2024 ஏப்ரலில் நாசா தலைவர் பில் நெல்சன், இந்தத் தொகை மிக அதிகம், மாதிரிகள் 2040இல் வந்து சேர்வது மிகத் தாமதம் என்று அறிவித்து, மலிவான வழி இருந்தால் சொல்லும்படி நிறுவனங்களைக் கேட்டார். மாதிரி சேகரிக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியோ 2021 பிப்ரவரியிலேயே செவ்வாயில் இறங்கிக் குழாய்களை நிரப்பத் தொடங்கியிருந்தது. திட்டத்தின் ஒரு பாதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, மறுபாதிக்கு விலை படியவில்லை.