கரையிற சோப்பும் குறையாத நுரையும்: இரிடியம் கதை

தண்ணில கரண்ட் விட்டா ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன். ஸ்கூல் லேப்ல பார்த்த அதே விஷயம்தான். பசுமை ஹைட்ரஜன்னு எல்லாரும் ஹைட்ரஜனைப் பத்தியே பேசுறோம். ஆனா மெஷினோட ஆயுசைத் தின்கிறது ஆக்சிஜன் பக்கம்.

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகணும்னா நாலு எலக்ட்ரான் வெளியேறணும். ஏட்டுக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நிஜத்துல அதைவிட நிறைய கொடுக்கணும். 'பெம்' வகை எலக்ட்ரோலைசர்ல உள்ள அமிலச் சூழல் வேற. அதுல பெரும்பாலான உலோகங்கள் கரைஞ்சே போயிடும். தாக்குப்பிடிக்கிற வினையூக்கி இரிடியம் ஆக்சைடு. உலகம் முழுக்க வருஷத்துக்குக் கிடைக்கிற இரிடியமோ ஏறக்குறைய 7, 8 டன்தான்! அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவுல பிளாட்டினம் எடுக்கும்போது கூடவே வர்றது. விலை ஏறிடுச்சுன்னு இதுக்காகத் தனியா சுரங்கம் தோண்ட முடியாது.

ருத்தேனியம் ஆக்சைடு இன்னும் வேகமா வேலை செய்யும். ஆனா சீக்கிரம் கரைஞ்சிடும். சில வினையூக்கிகள்ல இன்னொரு வில்லங்கமும் உண்டு: வெளிய வர்ற ஆக்சிஜன்ல கொஞ்சம் தண்ணியிலிருந்து வராம, வினையூக்கியோட படிகத்திலிருந்தே வரும். சுவத்துச் செங்கல்லை உருவி வித்துக் குடும்பம் நடத்துற மாதிரி. வேகம் கிடைக்கும், வீடு நிக்காது.

இதைக் கண்டுபிடிக்கிறதுதான் சுவாரசியம். வோல்டேஜ் ஏறாம இருந்தா வினையூக்கி நல்லா இருக்குன்னு அர்த்தமா? இல்லை. தேவைக்கு அதிகமா பூசி வெச்சா, மேல் அடுக்கு கரையக் கரைய அடுத்த அடுக்கு வேலையை எடுத்துக்கும். சோப்பு தேய்ஞ்சுட்டே இருக்கும், நுரை மட்டும் குறையாது. சில மணி நேர லேப் டெஸ்ட் இதைக் காட்டாது. டெமோல ஓடுற கோடு ப்ரொடக்ஷன்ல படுத்துக்கிற கதைதான், நமக்குத் தெரியாததா?

அதனால 2018ல ஜெர்மனியில வேலை பார்த்த ஒரு ஆராய்ச்சிக் குழு வேற கணக்கு போட்டாங்க: ஒரு இரிடியம் அணு கரையிறதுக்குள்ள எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு வெளிய வருது? இதுக்கு 'நிலைப்பு எண்'ணுன்னு பேர் வெச்சாங்க. ஒழுங்கான படிக அமைப்புள்ள இரிடியம் ஆக்சைடுக்கு இந்த எண் ரொம்பப் பெரிசு. படிக ஒழுங்கில்லாத வகை வேகமா வேலை செஞ்சாலும் இதுல பல மடங்கு கீழ. இப்போ டிசைன் பண்றவங்களோட தலைவலி, படிகத்தோட உறுதியை விடாம அந்த வேகத்தை எப்படிக் கொண்டுவர்றது, அதையும் இன்னும் குறைவான இரிடியத்துல எப்படிச் செய்யிறதுங்கிறதுதான்.