எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? பஸ் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடும். புறப்பட்டு வேகம் பிடித்ததும் அந்த ஆட்டம் அடங்கிவிடும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதிர்வு கூட அல்லவா வேண்டும்?

ஒரு சோதனை செய்து பார்ப்போம். ரப்பர் வளையத்தில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் கல்லும் கூடவே வரும். சற்று விரைவாக்கினால், ஒரு கட்டத்தில் கல் துள்ளிக் குதிக்கும். அதுதான் அதன் இயல் அதிர்வெண். இந்தத் துள்ளலே ஒத்ததிர்வு. இன்னும் விரைவாக அசையுங்கள். கை ஆடும், கல் ஏறக்குறைய அசையாது! அசைக்கும் வேகம் இயல் அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டினால் அதிர்வு கடத்தப்படுவது குறைகிறது. பஸ் ஜன்னலின் கதையும் இதுதான்.

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியமான பாடம். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதி 800 காரில் முன்னால் இருந்த எஞ்சின், இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வந்தது. இப்படி இடம் மாற்றும்போது எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளையும் புதிதாக அமைத்தாக வேண்டும்.

அந்த எஞ்சினுக்கு 3 சிலிண்டர்கள், 796 சி.சி. கொள்ளளவு. இரண்டு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் விநாடிக்கு 20 உதைப்புகள். ஆகவே மவுண்டிங் ரப்பரின் இயல் அதிர்வெண் 14-க்குள் இருக்க வேண்டும். எளிய சுருள்வில் கணக்கின்படி, எஞ்சினின் எடையால் ரப்பர் 1.25 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்க வேண்டும்! ரப்பரே இல்லாமல் இறுக்கி முடுக்கினால், உதைப்பு முழுவதும் சட்டத்துக்குப் போகும். நாளடைவில் வெல்டிங்கில் விரிசல் காணும்.

அப்படியானால் மிக மென்மையான ரப்பரே நல்லதா? இல்லை. எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்த தொகுதி சக்கரங்களை ஒருபுறம் முறுக்கும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது மறுபுறம் முறுக்கப்படுகிறது. முதல் கியரில் இம்முறுக்கு எஞ்சினுடையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ரப்பர் இளகியிருந்தால் தொகுதி புரளும், கியர் கம்பி இடம் மாறும், புகைக்குழாய் உடையலாம்.

இரண்டுக்கும் வழி தருவது நெம்புகோல் தத்துவம். முறுக்கைத் தூரத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். எனவே மவுண்டிங்குகளை அகலத் தள்ளி வைத்து, எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட கையை நீட்டிச் சட்டத்தோடு இணைத்தால், மென்மையான ரப்பரே புரளலைத் தடுத்துவிடும்.

பந்தயக் காரில் இன்னொரு வசதி உண்டு. அதன் எஞ்சின் பெரும்பாலும் வேகமாகவே ஓடும். 5,000 சுற்றில் விநாடிக்கு 125 உதைப்புகள். ஆகவே இறுக்கமான ரப்பரும் போதும். நிற்கும்போது மட்டும் ஓட்டுநர் குலுங்குவார்!

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: அதே 800 சுற்றில் ஓடும் 4 சிலிண்டர் எஞ்சினுக்கு ரப்பரின் இயல் அதிர்வெண் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?